எர்த் அண்ணனும் என் தெர்மாகோலும்

வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் "வாங்க, உக்காருங்க" என்று சொல்வதற்கு முன்னால் "சட்டையைக் கழட்டுங்க" என்று சொல்கிற மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் தெருவில்தான் இருந்தார், என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி. இது நான் செய்த பாக்கியமா, என் தலையெழுத்தா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒத்தக்கடையில், யானைமலை படுத்துக் கிடக்கிற பக்கம் புதிதாக முளைத்த காலனி எங்களுடையது. காலனி முழுக்க அவருக்குப் பெயர் 'எர்த்து'. கொஞ்சம் மரியாதை வேண்டுமென்றால் 'எர்த் அண்ணன்'. கூரியர்க்காரர் அவருடைய நிஜப் பெயரைச் சொல்லி வழி கேட்டால், "அப்படி ஒரு ஆளு இங்க இல்லையேப்பா" என்று நாங்களே திருப்பி அனுப்பிவிடுவோம். பொய் சொல்லவில்லை, எங்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

டவுனுக்குள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அவர் கணக்கர். பகல் முழுக்க பாலியஸ்டர் சேலைகளுக்குக் கணக்கு எழுதுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாலியஸ்டரைப் பரம விரோதியாகப் பார்ப்பார். காரணம், அவருக்கு எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம். எனக்கும் அதே பைத்தியம்தான். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். ஆக, காலனியில் இரண்டு பைத்தியங்கள். அதில் ஒருவரை ஊர் மெச்சியது. இன்னொருவரை ஸ்டெல்லா திட்டினாள். ஸ்டெல்லா என் மனைவி. மிஷன் ஸ்கூல் டீச்சர். அவள் திட்டும்போது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆடி மாசம் காய்ந்த காற்று அடிக்கும்போது, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஒன்று அடிக்குமே, அதுதான் ஸ்டாட்டிக். நமக்கு அது கையை உதறிவிட்டுப் போகிற சமாச்சாரம். ஐ.சி., மாஸ்ஃபெட் மாதிரி பூஞ்சை உடம்புக்காரப் பார்ட்ஸுகளுக்கு அது இடி. நமக்கு உறைக்காத அளவு சின்னதாக அடித்தால்கூட அவை உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. எர்த் அண்ணன் இதை இப்படிச் சொல்வார்: "அடிச்சது நமக்குத் தெரியாது தம்பி. செத்தது அதுக்கே தெரியாது."

அதனால் அவருடைய ஒர்க் ரூமுக்குள் நுழைய ஏகப்பட்ட சட்டதிட்டம். பிளாஸ்டிக் செருப்பு தெருவோடு சரி. தலை சீவியவுடன் வரக்கூடாது. நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார். அதிலிருந்து பச்சை வயர் ஒன்று சுவரோடு இறங்கி, வாசலுக்கு வெளியே கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழிக்குள் போகும். உடம்பில் ஏறியிருக்கிற ஸ்டாட்டிக் எல்லாம் மண்ணுக்குள் இறங்குவதற்காக, அந்தத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே போனால் மர ஸ்டூல். அவர் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு வயர். முளையில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி அந்த வயர் எட்டுகிற தூரத்துக்குள்ளேயே அவர் புழங்குவார்.

நான் முதன்முதலாகப் போனபோது கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச்சட்டை போட்டிருந்தேன். அவர் என் சட்டைக் கையை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"இது என்ன துணி தம்பி?"

"நல்ல துணிண்ணே. நம்ம டவுன்லதான் எடுத்தேன்."

"எங்க கடையிலயா?"

"ஆமாண்ணே."

"அப்பக் கழட்டு."

கழற்றிவிட்டு வெறும் உடம்போடு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி காபி கொண்டுவந்தார். எனக்கு மானம் போயிற்று. கீழே விரித்திருந்த கோணிச் சாக்கின் ஒரு முனையை இழுத்து மார்பை மூடிக்கொண்டேன். அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. "வெக்கப்படாதீங்க தம்பி. போன வாரம் இவரு முதலாளியே இப்படித்தான் உக்காந்திருந்தாரு" என்றார்.

அப்புறம் இருவரும் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பேச்சா சண்டையா என்றே தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதல் பொறாமை வந்தது. விருந்தாளி முன்னாலேயே, விருந்தாளிக்குத் தெரியாமல் சண்டை போடுகிற வசதி எத்தனை வீட்டில் இருக்கிறது? என் வீட்டில் ஸ்டெல்லா வாயைத் திறந்தால் யானைமலைக்கே அர்த்தம் புரியும்.

இரண்டாவது பொறாமைக்கு ஓர் உருவம் உண்டு. அது தேக்கு மரத்தில் செய்த ஓர் அலமாரி.

ஆபீஸ் வேலையாக வாடிப்பட்டி போனபோது, பழைய சாமான் கடை ஒன்றில் அதைப் பார்த்தேன். மூடிப்போன ஓமியோபதி கிளினிக்கிலிருந்து வந்ததாம். மேலிருந்து கீழ்வரை கைக்குள் அடங்குகிற சின்னச் சின்ன டிராயர்கள். ஒவ்வொன்றிலும் பித்தளைக் குமிழ். பார்த்த மாத்திரத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை. இதை ஸ்டெல்லாவிடம் சொல்லவேண்டாம். சம்பளம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தவன், சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் எர்த் அண்ணனைப் பார்த்ததும் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. டிராயர், குமிழ், தேக்கு, கடை இருக்கிற சந்து உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், அவர் வீட்டு முன்னால் ஒரு குட்டியானை வண்டி நிற்கிறது. அதிலிருந்து என் அலமாரி இறங்கிக்கொண்டிருக்கிறது.

"நீ சொன்னது சரிதான் தம்பி, நல்ல தேக்கு. உன் கண்ணு கண்ணுதான்!" என்று தெருவிலிருந்தே கத்திச் சொன்னார். வாய் முழுக்கப் பேஸ்ட் நுரை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அந்த அலமாரியில் அவர் பார்ட்ஸ் அடுக்கியிருந்த அழகைச் சொன்னால் இப்போதும் எனக்கு வயிறு எரியும். ஒவ்வொரு ஐ.சி.யும் தன் கால்களை ஒரு கறுப்பு ஸ்பாஞ்சில் ஊன்றி நிற்கும். சாதாரண ஸ்பாஞ்ச் இல்லை; கரண்டைத் தேங்கவிடாத ஸ்பாஞ்ச். அது வெள்ளிக் கலர் பைக்குள். பை தகர டப்பாவுக்குள். டப்பா டிராயருக்குள். டிராயர் வெளியே அச்சடித்த மாதிரி அவர் கையெழுத்தில் பெயர். எதைக் கேட்டாலும் வேறெங்கோ பார்த்துக்கொண்டே கையை நீட்டிச் சரியான குமிழைப் பிடிப்பார். என் வீட்டில் எனக்கு என் செருப்பே ஜோடியாகக் கிடைத்ததில்லை.

"இந்த அலமாரிக்குள்ள ஒரு எலெக்ட்ரான்கூட என்னையக் கேக்காம நகராது தம்பி" என்பார். தன்னடக்கம் என்பது அவர் கடையில் விற்காத சரக்கு.

ஆனால் ஒன்று. அம்புட்டு பார்ட்ஸ் வைத்திருந்த மனிதர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் ஒரு ரேடியோ பாடவில்லை, ஒரு பல்பு மினுக்கவில்லை. கடைசி டிராயரைத் திறந்து ஒரு ஜோடி பழைய மாஸ்ஃபெட்டை மட்டும் அடிக்கடி காட்டுவார். ஆம்ப்ளிஃபயருக்கு அதைவிட உசத்தி கிடையாது. கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. "ரிட்டயர் ஆனதும் இத வச்சு ஒரு ஆம்ப்ளிஃபயர் போடுவேன் பாரு. அன்னிக்குத்தான் இது வாயைத் திறக்கும்" என்பார். சொல்லிவிட்டு மறுபடி மூடிவைப்பார். என்னிடமும் அதே ஜோடி இருந்தது, என் மேஜையில், திருகாணிகளுக்கும் மிக்சர் பொட்டலத்துக்கும் நடுவில். நான் மனசுக்குள், 'சேர்த்து வைக்கத்தான் லாயக்கு, செய்யத் துப்பில்லை' என்று சொல்லிக்கொள்வேன். அதில் ஒரு சுகம்.

எர்த் குழிக்கு ஈரம் வேண்டும். அதனால் தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். கோடையில் காலனிக்கு லாரித் தண்ணீர் வருகிற நாளில் பெண்களோடு வரிசையில் நின்று குழிக்காகத் தனியாக ஒரு குடம் பிடிப்பார். ஒருநாள் எங்கள் காலனி செக்ரட்டரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, இங்க மனுசனுக்கே குடிக்கத் தண்ணியக் காணோம். நீங்க குழிக்கு ஊத்துறீங்களே, நியாயமா?"

"நாம ஒருநாள் குடிக்கலைன்னா டாக்டர்கிட்ட போகலாம். குழி குடிக்கலைன்னா யார்கிட்ட போறது?"

செக்ரட்டரி யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். நான் ஒரு குடம் கூடுதலாகக் கேட்டால் மட்டும் ரேஷன் பேசுகிற மனிதர் அவர்.

இதைவிடக் கொடுமை அந்தச் செம்புத் தகடு. அதைத் தொட்டுவிட்டுப் போகிறவர்களைத் தெருவிலிருந்து பார்த்த பெண்கள், அது ஏதோ விசேஷமான இடம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஓர் ஆடி வெள்ளியன்று யாரோ தகடு முழுக்கச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்திவிட்டார்கள். எர்த் அண்ணன் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"எர்த்தையே இன்சுலேட் பண்ணிட்டீங்களேம்மா! சந்தனம் காஞ்சா கரண்ட் எப்படி இறங்கும்?"

"கோவிச்சுக்கிராதீங்கண்ணே" என்றார் அடுத்த தெரு அம்மா ஒருவர். "இதைத் தொட்டுட்டுப் போனப்பறம்தான் எங்க மருமகனுக்கு வேலையே கிடைச்சுச்சு."

அவர் எலுமிச்சம்பழத் தோலால் தகட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அது முன்னைவிடப் பளபளத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் கூட்டம். என் வாசலில் பால்காரரைத் தவிர வேறு யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தோடு ஒருநாள் ஸ்டெல்லாவும் அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் என் அறை வாசலில் நின்று பெருமூச்சு விட்டாள்.

"எம்புட்டு நேர்த்தியா வச்சிருக்காரு அந்த அண்ணன். நீங்களும் வச்சிருக்கீங்களே, குப்பை லாரி கவுந்த மாதிரி."

அந்த வருஷம் ஆகஸ்டு பதினைந்து கொடியேற்றத்துக்கு வாடகை மைக்செட் வேண்டாம் என்று காலனிக் கூட்டத்தில் முடிவானது. போன வருஷம் தேசிய கீதத்துக்குப் பதிலாகக் குத்துப்பாட்டைப் போட்டு மானத்தை வாங்கிவிட்டார் அந்த மைக்செட்காரர். பாதிப் பேர் அட்டென்ஷனில் நின்றோம், பாதிப் பேர் ஆடிவிட்டார்கள். "நம்ம காலனியிலயே ஆம்ப்ளிஃபயர் செய்யத் தெரிஞ்ச ஆளுக இருக்காங்க" என்று செக்ரட்டரி எர்த் அண்ணன் பக்கம் திரும்புவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அவ்வளவு வேகமாக நான் பள்ளிக்கூடத்திலும் கை தூக்கியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா கேட்டாள். "ஏங்க, நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச ஆம்ப்ளிஃபயர்தானே அது? அது இதுவரைக்கும் ஒரு சத்தமாச்சும் போட்டுருக்கா?"

"போடும்."

"சரி. கொடியேத்துற அன்னிக்கு அது பாடுச்சுன்னா அந்த ரூம் உங்களுக்கு. பாடலைன்னா ரூமை எனக்கு விட்ருங்க. நான் டியூஷன் எடுக்கணும். பிள்ளைக ஹால்ல உக்காந்து படிச்சா நீங்க டிவி போட்டு விடுறீங்க."

நியாயமான பேச்சு. அதனால்தான் பயமாக இருந்தது. அந்த அறை போனால் நான் வேறெங்கே போவேன்? ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி, வீட்டில் அந்த அறை. உலகத்தில் என்னுடையது என்று சொல்ல அவ்வளவுதான்.

ரோஷம் வந்துவிட்டது. முதலில் அறையை எர்த் அண்ணன் அறையைவிட அழகாக ஆக்கிக் காட்டுவது என்று முடிவுசெய்தேன். புது டிவி வந்த பெட்டியிலிருந்து வெள்ளைவெளேரென்று தெர்மாகோல் கிடைத்தது. அதைப் பலகை பலகையாக வெட்டி, ஒவ்வொரு ஐ.சி.யையும் வரிசையாகக் குத்தி வைத்தேன். என் மாஸ்ஃபெட் ஜோடிக்கு நடுநாயகமான இடம். சின்னப் பார்ட்ஸுகளுக்கு ஸ்டெல்லா சேர்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள். கலர் கலராக லேபிள். எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் போர்த்தி, செல்லோடேப் ஒட்டினேன். வாசலில் ஒரு பித்தளைத் தட்டையும் மாட்டினேன். அவருடையதைவிடப் பெரியது.

ஸ்டெல்லா வந்து பார்த்தாள். "பரவாயில்லையே!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். உடனே எர்த் அண்ணனை அழைத்து வந்தேன்.

அவர் முதலில் பித்தளைத் தட்டைத் தொட்டார். பிறகு அதை லேசாகத் தூக்கிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வயர் எங்க?"

"எந்த வயருண்ணே?"

"தம்பி, இது எர்த் இல்ல. ஆணியில தொங்குற தட்டு."

அறைக்குள் எட்டிப் பார்த்தவர் நிலைப்படியைத் தாண்டவில்லை. இழவு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"தெர்மாகோலா?" என்றார் மெதுவாக.

"ஆமாண்ணே. எப்படி?"

"தலைமயிருல தேச்ச சீப்பு காகிதத்தை இழுக்கும்ல? அந்தச் சீப்பைவிடப் பெரிய எமன் இது. இம்புட்டு அழகா ஒரு சுடுகாட்டை நான் பார்த்ததே இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பொறாமை! கடைசியில் அந்த மனிதருக்கும் என்மேல் பொறாமை வந்துவிட்டது! அவர் போனபிறகு அன்று ஒரு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் லீவு போட்டு ஆம்ப்ளிஃபயரை முடித்தேன். தெர்மாகோலிலிருந்து மாஸ்ஃபெட் ஜோடியை எடுத்து, போர்டில் ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை. அவ்வளவுதான். மீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டுமே காலி. தெர்மாகோலில் இருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, போர்டில் போட்டுப் பார்த்தேன். எதற்கும் அசைவில்லை. வரிசையாக, லேபிளோடு, செத்துக்கிடந்தன.

டவுனுக்கு ஓடினேன். பார்ட்ஸ் கடைக்காரர் கையை விரித்தார். "அந்த நம்பரை இப்ப யாருண்ணே வச்சிருக்கா? ஒத்தக்கடையில எர்த்து எர்த்துன்னு ஒருத்தர் இருக்காராமே, அவர்கிட்ட கேளுங்க."

அவரிடம் கேட்பதா? சுடுகாடு என்று சொன்ன வாயிடம்? அதற்கு அறையையே இழந்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்து, ஹாலில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா ஸ்கூலிலிருந்து வந்தாள். என்னையும் பார்த்தாள், அறையையும் எட்டிப் பார்த்தாள். ஜெயித்தது அவள்தான். டியூஷனுக்குப் பெஞ்சு வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையை வைத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பீரோவைத் திறந்தாள்.

"எங்க போன?"

"எர்த் அண்ணன் வீட்டுக்கு. நான் வாயே தொறக்கல. வாசல்ல நின்னதுமே 'செத்துப்போச்சா டீச்சர்?'னு கேட்டாரு. 'முதல்ல போயி காட்டன் சேலை கட்டிட்டு, உங்க வீட்டு வாசலைத் தெளிச்சு வைங்க. நான் வாரேன்'ன்னு சொல்லிட்டாரு."

"எதுக்கு வாறாராம்?"

"தெரியலைங்க" என்று சொல்லிக்கொண்டே ஸ்டெல்லா ஒரு சுங்குடிச் சேலையை எடுத்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார். அவர் வந்த கோலத்தை எங்கள் காலனி இன்னும் மறக்கவில்லை. சட்டை இல்லை. நாலு முழ வேட்டி, வெறுங்கால். இரண்டு கையாலும் ஒரு தகர டப்பாவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மணிக்கட்டுப் பட்டையிலிருந்து பச்சை வயர் அவருக்குப் பின்னால் நீண்டு, நீண்டு, தெரு முழுக்க நீண்டு அவர் வீட்டு எர்த் குழி வரைக்கும் போனது. என் வீட்டு எர்த்தில் அவருக்கு நம்பிக்கை இல்லையாம். தன் வீட்டு எர்த்தையே கூட்டி வருகிறாராம். பின்னால் அண்ணி வயர்ச் சுருளைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டே வந்தார். தெருவில் பைக்குகள் நின்றுவிட்டன. "வயரை மிதிச்சிராதீங்கப்பா!" என்று செக்ரட்டரி முன்னால் ஓடிக் கூட்டத்தை விலக்கினார். அந்த அடுத்த தெரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சட்டையைக் கழட்டு" என்றார் எர்த் அண்ணன், என் வீட்டு வாசலில் நின்று, என்னிடம்.

கழற்றினேன். வயரின் இன்னொரு கிளையை என் மணிக்கட்டில் கட்டினார். தரையில் கோணிச் சாக்கு விரித்து எதிரெதிராக உட்கார்ந்தோம். டப்பாவைத் திறந்தார். வெள்ளிப் பை, கறுப்பு ஸ்பாஞ்ச், அதற்குள் அந்த ஜோடி.

"அண்ணே, இது நீங்க ரிட்டயர் ஆனதும்..."

"பத்த வைடா. பேசாத."

அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. நான் பற்றவைத்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாஸ்ஃபெட்டின் இரண்டாவது காலைப் பற்றவைக்கும்போது மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு உன்னைப் பார்த்தா ரொம்ப நாளாவே பொறாமை தம்பி. நீ பாட்டுக்கு எல்லாத்தையும் கொட்டிப்போட்டு, புகைய வச்சு, கைய சுட்டுக்கிட்டு, என்னத்தையாவது செஞ்சுக்கிட்டே கெடக்க. எனக்கு இதை டிராயரை விட்டு வெளிய எடுத்தாலே கை நடுங்குது. எங்க செத்துருமோ, எங்க செத்துருமோன்னு வச்சு வச்சே என் காலம் போச்சு."

இத்தனை வருஷமும் என் பொறாமை என் முகத்திலும் பேச்சிலும் தெருவெல்லாம் சிந்திக்கொண்டிருக்க, அந்த மனிதர் தன் பொறாமையை ஒரு துளி வெளியே தெரியாமல் எங்கோ ஒரு டிராயரில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதில்கூட என்னால் அவரை முந்த முடியவில்லை.

சுவிட்சைப் போட்டேன். 'டப்' இல்லை. புகை இல்லை. என் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டதும், அறைச் சுவரே பாடுகிற மாதிரி கணீரென்று வந்தது. ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். எர்த் அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு முடிகிறவரை திறக்கவில்லை. திறந்தபோது கண் கலங்கியிருந்தது. "ஈயப் புகை" என்றார்.

மறுநாள் தேசிய கீதம் எங்கள் காலனியைத் தாண்டி மேலூர் ரோடு வரைக்கும் கேட்டது. ஒரு கரகரப்பு இல்லை, ஒரு இரைச்சல் இல்லை. கீதம் முடிந்ததும் கைதட்டல். செக்ரட்டரி மைக்கைப் பிடித்தார். "இப்படி ஒரு அருமையான செட்டை நமக்குக் கொடுத்த நம்ம எர்த் அண்ணனுக்கு ஒரு பொன்னாடை!"

செய்தவன் நான். கை சுட்டுக்கொண்டவன் நான். ஆனால் முந்தின நாள் ஊர்வலத்தை ஊரே பார்த்திருந்தது. அவர் பொன்னாடையை விரலால் நிமிண்டிப் பார்த்து, "பாலியஸ்டர்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள். மிட்டாய் வாங்காமலே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"ரூமை நீங்களே வச்சுக்கங்க" என்றாள் ஸ்டெல்லா. "ஆனா அந்தத் தெர்மாகோல் எனக்கு வேணும். பிள்ளைக புராஜெக்ட்டுக்கு ஆகும்."

எர்த் அண்ணன் ரிட்டயர் ஆனதும் மகன் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டான். ஏதோ ஒரு அடுக்குமாடியில் மேல்மாடி வீடு. இடம் பத்தாது, அலமாரியை எனக்கு விட்டுவிட்டுப் போவார் என்று ரொம்பவும் நம்பியிருந்தேன். அன்றைக்குக் காலையிலிருந்தே என் அறையில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் அண்ணியின் கட்டிலை விட்டுவிட்டு அலமாரியை ஏற்றிக்கொண்டு போனார். விட்டுப் போனது அந்தப் பச்சை வயர் ஒன்றைத்தான். அது இன்னமும் அவர் வீட்டுக் குழியிலிருந்து மூன்று வீட்டுச் சுவரோரமாக வந்து என் ஒர்க் ரூம் பித்தளைத் தட்டில் முடிகிறது. இப்போது அந்தத் தட்டுக்குப் பின்னால் வயர் இருக்கிறது.

அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. தினமும் காலையில் நான் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய்க் குழிக்கு ஊற்றிவிட்டு வருகிறேன். "ஆளில்லாத வீட்டு எர்த்துக்கு எதுக்குங்க தண்ணி?" என்று ஸ்டெல்லா ஒருநாள் கேட்டாள். நம் எர்த்தும் அதுதானே என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினார். மேல்மாடியில் எர்த் சரியில்லை என்று பில்டரோடு சண்டை போட்டுத் தனி லைன் இழுத்துவிட்டாராம். எதிர் வீட்டில் ஒரு ரிட்டயர்டு எஞ்சினியர் இருக்கிறாராம். எலெக்ட்ரானிக்ஸில் ரொம்ப ஆர்வமாம். தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறாராம்.

"தங்கமான மனுசன் தம்பி. சட்டையைக் கழட்டச் சொன்னா ஒரு வார்த்தை பேசாம கழட்டிட்டு உக்காந்துர்றாரு."

"சந்தோசம்ணே" என்று போனை வைத்தேன்.

அந்த எஞ்சினியரை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. காலையிலேயே ஊற்றியாகிவிட்டது என்று தெரிந்தும், வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குழிக்கு இன்னொரு வாளி ஊற்றிவிட்டு வந்தேன்.